பாலியேட்டிவ் கேர்: வேலையை விடாமல் எங்கே, எப்படிப் படிப்பது?

வேலையில் இருந்துகொண்டே பாலியேட்டிவ் கேர் (கடுமையான நோயில் வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு) படிக்க நினைக்கும் டாக்டருக்கோ நர்ஸுக்கோ இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. இலவச ஆன்லைன் பாடங்கள், சில வாரச் சான்றிதழ்ப் படிப்புகள், ‘எக்கோ’ எனப்படும் வீடியோ அமர்வுகள், பல்கலைக்கழக டிப்ளமா அல்லது முதுகலை. பாடத்திட்டத்தை வைத்து இவற்றை ஒப்பிட்டுப் பயனில்லை. வலி, மூச்சுத்திணறல், குமட்டல், கெட்ட செய்தி சொல்வது, கடைசி நாட்கள், குடும்பத்தின் துக்கம் என்று எல்லாவற்றிலும் தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பார்ப்பது வேறு: இன்று வார்டில் பார்த்த நோயாளியைப் படிப்புக்குள் கொண்டுபோக முடிகிறதா? கொண்டுபோனால், அனுபவசாலி ஒருவர் அதைப் படித்துவிட்டு நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்பாரா?

முதலில், தூரத்திலிருந்தே நன்றாகக் கற்கக்கூடிய பகுதி நிறைய உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். மருந்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. மார்ஃபினை (கடும் வலிக்கான மருந்து) வாய்வழியாக எடுத்தால் ஒரு நாளைக்கு 60 மி.கி. இடையில் வலி கிளம்பினால் கொடுப்பது வழக்கமாக அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 மி.கி. விழுங்க முடியாமல் போனால், தோலடியில் செலுத்த அளவைப் பாதியாக்கி, சிரிஞ்ச் டிரைவரில் (மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் சிறு கருவி) 24 மணி நேரத்துக்கு 30 மி.கி. கூடவே ஆரம்பத்திலிருந்தே மலமிளக்கி. இதை இரவு டூட்டி முடிந்து வந்து, திரையில் நான்கு கணக்கு போட்டே பழகிவிடலாம். வகுப்பறை தேவையில்லை.

இலவசப் பாடங்கள் இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பாடங்கள் இருக்கின்றன. பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை தன் ஊழியர்களுக்காக உருவாக்கிய மின்பாடத் தொகுப்பில் 150-க்கும் மேற்பட்ட சிறு பாடங்கள் இருக்கின்றன. இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இவை போதும். ஆனால் இறுதித் தேர்வு பெரும்பாலும் ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ வகைதான். நாம் தவறாக யோசித்துச் சரியான விடைக்கு வந்தாலும் அதற்குத் தெரியாது.

சான்றிதழ்ப் படிப்புகள் ஒரு படி மேல். நர்ஸுகளுக்காக 2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய எல்நெக் பயிற்சிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: படித்தவர் தன் இடத்துக்குத் திரும்பி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே அதன் திட்டம். இந்திய பாலியேட்டிவ் கேர் சங்கம் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் எட்டு வாரத் தொலைதூரச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. இந்த வகையில் எதை எடுத்தாலும் நேரடி வகுப்போ, ஒரு மையத்தில் சில நாள் பயிற்சியோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது விருப்பப் பகுதி என்று போட்டிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். சிரிஞ்ச் டிரைவரை ஒருமுறையாவது கையால் பொருத்தாமல் வீடியோவில் மட்டும் பார்த்தவருக்கு, முதல் நோயாளியின் வீட்டில் கை நடுங்கும்.

அடுத்தது எக்கோ. நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2003-ல் நியூ மெக்ஸிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் நிபுணர் ஹெபடைடிஸ் சி நோய்க்காக இதைத் தொடங்கினார். தன்னிடம் வர முடியாத நோயாளிகளுக்காக, அவர்கள் ஊர் டாக்டர்களை வீடியோவில் கூட்டி, ஒவ்வொரு நோயாளியாக எடுத்துப் பேசினார். அப்படிப் பயின்ற சாதாரண கிளினிக்குகளில் 58.2 சதவீதம் பேரும், பல்கலைக்கழக கிளினிக்கில் 57.5 சதவீதம் பேரும் குணமானதாக 2011-ல் ஆய்வு முடிவு வந்தது. அந்தக் கணக்கை அப்படியே பாலியேட்டிவ் கேருக்குத் தூக்கிவர முடியாதுதான். இங்கே வெற்றியை ரத்தப் பரிசோதனை சொல்லாது. ஆனால் முறை அப்படியே பொருந்துகிறது.

ஓர் அமர்வு எப்படிப் போகும்? ஒரு நர்ஸ் தன் நோயாளியைப் பற்றிச் சொல்கிறார்: மார்ஃபின் டோஸ் மாறவில்லை, ஆனால் இரண்டு நாளாக ஒரே தூக்கம், கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கிறது. வலி கூடிவிட்டது என்று நினைத்துக் குடும்பத்தார் டோஸைக் கூட்டச் சொல்கிறார்கள். நிபுணர் கேட்பது ஒரே கேள்வி: “சிஸ்டர், அவருக்கு யூரின் எவ்வளவு போகுது?” சிறுநீரகம் தளர்ந்தால் மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருட்கள் உடலில் தேங்கும் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. ஆனால் சொந்த நோயாளியை வைத்து, முப்பது பேர் கேட்க, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றவர் அதை மறக்கவே மாட்டார். குறை என்னவென்றால், யார் எந்த நோயாளியின் கதையைக் கொண்டுவருகிறார்களோ அதுதான் அன்றைய பாடம். குழந்தைகளின் வலியைப் பற்றி மாதக்கணக்கில் பேச்சே வராமல் போகலாம். சான்றிதழுக்கும் பெரிய மதிப்பில்லை.

இப்போது பெரிய செலவு: பல்கலைக்கழகப் படிப்பு. கார்டிஃப் பல்கலைக்கழகம் 1989-லேயே இதைத் தொலைதூரத்தில் தொடங்கிவிட்டது, அப்போது பாடம் தபாலில்தான். பிரிட்டிஷ் முறையில் முதுகலைக்கு 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு. மூன்று வருடத்துக்குப் பிரித்தால் வாரத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம். விளம்பரப் பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். ஷிஃப்ட் வேலையில் இருப்பவர் கட்டணத்தைவிட இந்த எண்ணைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். 120 கிரெடிட்டோடு டிப்ளமா வாங்கிக்கொண்டு நிறுத்திவிடலாம் என்பது ஒரு வசதி. ஆய்வுக் கட்டுரை எழுதும் ஆசை இல்லாதவருக்கு அதுவே போதும். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்காரவைக்கும் கொலராடோ பல்கலைக்கழகம் போன்றவையும் உண்டு. டீமாகச் செய்யும் வேலையை டீமாகப் படிப்பதுதான் சரி என்பது என் கட்சி.

இந்தப் பணத்துக்கு உண்மையில் கிடைப்பது அசைன்மென்ட் ஓரத்தில் எழுதப்படும் குறிப்புகள். “சிஸ்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்று மகன் கெஞ்சிய கதையை நாம் மூன்று பக்கம் எழுதியிருப்போம். மகனிடம் எவ்வளவு பக்குவமாகப் பேசினோம் என்று நமக்கே பெருமையாக இருக்கும். ஓரத்தில் ஒரு வரி வரும்: ‘இந்த மூன்று பக்கத்தில் அப்பா எங்கே?’ எந்தத் தானியங்கித் தேர்வும் இதைக் கேட்காது.

ஆகவே என் வரிசை இப்படி. ஏற்கெனவே புற்றுநோய் வார்டிலோ வீட்டுப் பராமரிப்பிலோ இருப்பவர் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்து, அது முடிவதற்குள் ஒரு எக்கோ குழுவிலும் சேரட்டும். ஒரு வருடம் போகட்டும், அப்புறம் டிப்ளமாவைப் பற்றி யோசிக்கலாம். மையம் தொடங்கப்போகிறவர், கற்பிக்கப்போகிறவர் நேராக டிப்ளமாவுக்குப் போகலாம். ஒன்று மட்டும்: முதுகலைப் பட்டம் வாங்கியதாலேயே உங்கள் நாட்டு மருத்துவக் கவுன்சில் உங்களை ‘நிபுணர்’ என்று பதிவு செய்துவிடாது. அதைக் கவுன்சிலிடமே கேளுங்கள், அட்மிஷன் பிரிவிடம் கேட்காதீர்கள்.

பணம் கட்டுமுன் பழைய மாணவர் ஒருவரைப் பிடித்து, திருத்தி வந்த அசைன்மென்ட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஓரம் முழுக்கக் காலியாக, கீழே ‘நன்று’ என்றும் மதிப்பெண்ணும் மட்டும் இருந்தால், அந்தப் படிப்பை விட்டுவிட்டு இலவசப் பாடத்துக்கே போய்விடலாம்.