பாங்காக்கா, சியாங் மாயா? வாடகையை அப்புறம் பார்க்கலாம்

தாய்லாந்தில் சில வருஷம் குடியிருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது தலைநகர் பாங்காக்கா, வடக்கே இருக்கும் சியாங் மாயா என்ற கேள்வியில்தான். புக்கெட், ஹுவா ஹின், பட்டாயாவெல்லாம் இல்லையா என்பீர்கள். கடலுக்காகப் போகிறவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்கள், அவர்களுக்கு அலசல் தேவையில்லை. மற்றவர்களுக்குத்தான் இந்த இரண்டு ஊர்.

இந்த ஒப்பீட்டைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் வாடகையில் தொடங்குவார்கள். சியாங் மாய் மலிவு, பாங்காக் விலை அதிகம், கதை முடிந்தது. மலிவு என்பது உண்மைதான், ஆனால் அதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் பெட்டி கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, மார்ச் மாதம் நீங்கள் எங்கே இருப்பீர்கள், இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

தாய்லாந்து நிறுவனம் ஒன்று உங்களுக்குச் சம்பளம் தருகிறது என்றால் பெரும்பாலும் பாங்காக்தான், யோசிக்கவே வேண்டாம். வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க ஒரு சாதாரண கம்பெனிக்கு, தலைக்கு 20 லட்சம் பாட் மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு கட்டுப்படியாகிற கம்பெனிகள் பாங்காக்கிலும் அதன் கிழக்கே தொழிற்பேட்டைகளிலும்தான் குவிந்திருக்கின்றன. வேலை விசாவை வருஷா வருஷம் நீட்டிக்கக் குறைந்தபட்சச் சம்பளமும் உண்டு, அதுவும் நாட்டுக்கு நாடு வேறு: இந்தியருக்கு மாதம் 35,000 பாட், அமெரிக்கருக்கு 60,000. அதே மேசை, அதே வேலை, பாஸ்போர்ட் மட்டும் வேறு. கோபப்பட்டுப் பயனில்லை, சம்பளம் பேசும்போது இந்த 35,000 வெறும் தரைமட்டம்தான் என்பதை மனதில் வையுங்கள். சியாங் மாயில் வெளிநாட்டவருக்குக் கிடைக்கிற வேலை என்றால் பெரும்பாலும் ஆசிரியர் வேலை, அதுவும் பாங்காக்கை விடச் சம்பளம் குறைவு.

பணம் வெளியிலிருந்து வருகிறதா? அப்போது தராசு சியாங் மாய் பக்கம் சாயும். 2024 ஜூலையில் வந்த டிடிவி விசா இந்த ஆட்களுக்காகவே போட்டது போல இருக்கிறது: ஐந்து வருஷம் செல்லும், ஒரு தடவை உள்ளே வந்தால் 180 நாள், கையிருப்பு 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்கும், மொய் தாய் சண்டையோ தாய்ச் சமையலோ கற்க வருகிறவர்களுக்கும் கொடுக்கிறார்கள். ஓய்வுபெற்றவர் என்றால் 50 வயது ஆகியிருக்க வேண்டும், தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் கிடக்க வேண்டும் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். இன்னும் வசதியானவர்களுக்கு 2022இல் வந்த பத்து வருஷ எல்டிஆர் விசா. அதன் ஓய்வூதியப் பிரிவுக்கு வருஷம் 80,000 டாலர் வருமானம் கேட்கிறார்கள், அதனால் நம்மில் பலரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

இப்போது வரி. இதில் இரண்டு ஊருக்கும் ஒரே சட்டம், ஆனால் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் சியாங் மாய்க்காரர்கள். பாங்காக்கில் வேலை செய்கிறவருக்குக் கம்பெனியே மாதாமாதம் பிடித்துக் கட்டிவிடும், மார்ச் கடைசிக்குள் படிவம் போட்டால் வேலை முடிந்தது. மாதம் 60,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 7,20,000. செலவுக் கழிவு ஒரு லட்சம், தனிநபர் கழிவு 60,000 போக 5,60,000. முதல் 1,50,000க்கு வரி இல்லை, அடுத்த 1,50,000க்கு 5 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 10, மிச்சத்துக்கு 15. மொத்தம் 36,500 பாட் வருகிறது, அதாவது மாதம் சுமார் 3,000. வேறு சின்னச் சின்னக் கழிவுகளைச் சேர்த்தால் இன்னும் குறையும். 50 லட்சத்துக்கு மேல் போகிறவருக்குத்தான் உச்சமான 35 சதவீதம்.

வெளிப்பணத்தில் வாழ்கிறவருக்குத்தான் தலைவலி. ஒரு காலண்டர் வருஷத்தில் மொத்தமாக 180 நாள் இருந்துவிட்டால் நீங்கள் வரி கட்ட வேண்டிய குடியிருப்பாளர். முன்பெல்லாம் வெளிநாட்டில் சம்பாதித்ததை அதே வருஷம் உள்ளே கொண்டுவந்தால்தான் வரி, ஜனவரி வரை காத்திருந்து அனுப்பினால் தப்பித்துவிடலாம். பல வருஷம் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். 2024 ஜனவரி 1 முதல் அந்த வாசல் மூடப்பட்டது, எந்த வருஷம் கொண்டுவந்தாலும் வரி வரம்புக்குள் வரும். 2024க்கு முன் சம்பாதித்த பணத்துக்கு விலக்கு உண்டு. அதனால் பழைய சேமிப்பு எது, புது வருமானம் எது என்று வங்கிக் கணக்கிலேயே தனித்தனியாகப் பிரித்து வைத்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், ஒரே கணக்கில் கலந்து வைத்தவர்கள் ஆடிட்டரைத் தேடுகிறார்கள். இந்தியாவில் ஏற்கெனவே வரி கட்டிய வருமானம் என்றால் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் கட்டியதற்கான காகிதம் கையில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் உண்டு. டிடிவியின் 180 நாளும் வரியின் 180 நாளும் வேறு வேறு. விசாவின் நாள் நீங்கள் உள்ளே வந்த தேதியிலிருந்து ஓடும், வரியின் நாள் ஜனவரி 1இலிருந்து டிசம்பர் 31 வரை விட்டுவிட்டு இருந்தாலும் கூட்டிக்கொண்டே போகும். அக்டோபர் 1ஆம் தேதி வந்து 180 நாளும் இருந்தால் முதல் வருஷத்தில் 92, அடுத்த வருஷத்தில் 88, இரண்டிலும் வரி வரம்புக்குக் கீழேதான். ஜனவரி 1ஆம் தேதி வந்து அதே 180 நாள் இருந்தால் நேராக வலைக்குள். அப்புறம், லேப்டாப்காரர்கள் பலர் கேட்க விரும்பாத விஷயம் ஒன்று: தாய்லாந்தில் உட்கார்ந்து செய்த வேலைக்கான கூலி, எந்த நாட்டு வங்கியில் விழுந்தாலும், சட்டப்படி தாய்லாந்தில் சம்பாதித்ததுதான். அதற்கு 180 நாள் கணக்கே கிடையாது. காபிக் கடையில் ஒவ்வொருவரிடமாக யாரும் வந்து கேட்பதில்லை என்பது வேறு விஷயம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சரி, மார்ச் மாதத்துக்கு வருவோம். சியாங் மாய் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை சுற்றிலும் காடும் சோளத் தாளும் எரியும், மியான்மர், லாவோஸ் புகையும் சேர்ந்து வரும், காற்று நகராமல் அப்படியே நிற்கும். தோய் சுத்தேப் மலை ஊரின் தலைக்கு மேலேயே இருக்கிறது, அந்த நாட்களில் அதுவே தெரியாது. உலகிலேயே மோசமான காற்று உள்ள நகரங்களின் பட்டியலில் முதலிடத்துக்கு அது வந்துவிடுகிற நாட்கள் உண்டு. ஊர்க்காரர்கள் வழக்கு போட்டு, 2024 ஜனவரியில் சியாங் மாய் நிர்வாக நீதிமன்றம் 90 நாளில் திட்டம் கொண்டுவா என்று அரசுக்கு உத்தரவே போட்டது. புகை வருவது நிற்கவில்லை. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் போதும் என்பார்கள், ஒரு அறைக்குள் அடைந்து கிடப்பதற்குத்தான் மலையடிவாரத்துக்கு வந்தோமா? ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் இந்த ஊரை ஒன்பது மாத ஊராகவே கணக்கில் எடுக்க வேண்டும், மூன்று மாதம் வேறெங்காவது இருக்கும் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு என்று சொன்னது அங்கே பாதி கரைந்துவிடும். மூன்று மாதம் வெளியே போனாலும் மிச்சம் ஒன்பது மாதம் 180 நாளைத் தாண்டிவிடும் என்பதால் வரிக்கும் அது உதவாது.

பாங்காக் யோக்கியமா என்றால் இல்லை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கேயும் தூசுப் படலம், 2025 ஜனவரி கடைசியில் கார்களைக் குறைக்க ஒரு வாரம் மின்ரயிலையும் பஸ்ஸையும் இலவசமாகவே விட்டார்கள். ஆனாலும் கடல் காற்று கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும், சியாங் மாய் அளவுக்கு வாரக்கணக்கில் தேங்கி நிற்பது குறைவு.

சாப்பாட்டுக்கு வந்தால் என் ஓட்டு வடக்குக்குத்தான். காவ் சோய் என்று ஒன்று, தேங்காய்ப் பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் ஊறவைத்த கடுகுக் கீரை, சின்ன வெங்காயம், எலுமிச்சை. பர்மாவின் காவ் சுவேக்கு இது நெருங்கிய சொந்தம், ஆகவே சென்னை பர்மா பஜார் ஓரம் அத்தோ சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் வாயிலேயே ஏதோ பிடிபடும். ‘நாம் ப்ரிக் நும்’ என்பது பச்சை மிளகாயைச் சுட்டு இடித்த தொக்கு, நம் வீட்டுத் துவையல் மாதிரியே இருக்கும், அதை ஒட்டும் அரிசிச் சோற்று உருண்டையில் தொட்டுக் கையாலேயே சாப்பிடுகிறார்கள். சாதாரணக் கடையில் ஒரு வேளைச் சாப்பாடு இரண்டு ஊரிலும் 50, 60 பாட்டுக்குக் கிடைக்கும், பாங்காக்கின் மால்களுக்குள் போனால்தான் விலை ஏறும்.

பாங்காக்கின் பலம் ஒரே ஊரில் எல்லாம் கிடைப்பது. வடகிழக்கே இசான் பகுதியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த சோம் தாம் என்ற பப்பாளிக்காய் சாலட் ஒரு தெருவில், யாவராட்டில் சீனச் சாப்பாடு, பாஹுராட்டில் சீக்கியர்களின் துணிக்கடைகளுக்கு நடுவே பரோட்டாவும் மசாலா டீயும். சிலோமில் 19ஆம் நூற்றாண்டில் வந்த தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது, இன்றைக்கு அங்கே கும்பிடுகிறவர்களில் தாய்லாந்துக்காரர்களே நிறைய, நவராத்திரி முடிவில் ஊர்வலத்துக்காகச் சிலோம் சாலையையே மறித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. சியாங் மாயில் தோசை வேண்டுமென்றால் நீங்களே மாவு அரைத்துக்கொள்வது நல்லது.

சைவக்காரர்கள் கவனிக்க: மீன் சாஸ், இறால் விழுது, சிப்பி சாஸ் மூன்றும் காய்கறிப் பொரியலுக்குள்ளேயே இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று போட்ட கடை தெரிந்தால் தைரியமாகப் போங்கள், முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டுகூட இருக்காது. இந்த மாதிரிக் கடைகளும் மேற்கத்தியர்களுக்காகத் திறந்த சைவக் கடைகளும் சியாங் மாயில் நடக்கிற தூரத்திலேயே கிடைக்கும், பாங்காக்கில் இருந்தாலும் தேடிப் போக வேண்டும்.

போக்குவரத்தில் போட்டியே இல்லை. பாங்காக்கில் 1999இல் பிடிஎஸ் மின்ரயில், 2004இல் சுரங்க ரயில், அதற்குப் பிறகு ஏகப்பட்ட தடங்கள். சியாங் மாயில் ஊருக்குள் ரயில் கிடையாது, பலரும் சேர்ந்து போகிற சிவப்பு சோங்தேவ் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏற வேண்டும் அல்லது செயலியில் வண்டி கூப்பிட வேண்டும். கடைசியில் எல்லோரும் ஸ்கூட்டர் வாங்குகிறார்கள். கார் உரிமத்தை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டினால் விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும், வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடத்திலும் பாங்காக்தான் மேல். சிக்கலான நோய்க்குச் சிகிச்சை என்றாலும் அப்படித்தான், ஆனால் அன்றாட வைத்தியத்துக்கு சியாங் மாயில் நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, குறை சொல்ல முடியாது.

வாடகையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதில் பேச்சுக்கு இடம் இருக்கிறது. சியாங் மாயில் நிம்மான், சாந்திதாம் பக்கம் சின்ன அடுக்ககம் 8,000 முதல் 15,000 பாட். பாங்காக்கில் ஒன் நுட், உடோம் சுக் பக்கம் 12,000 முதல் 20,000, தொங்லோ என்றால் அதற்கும் மேலே. வாங்கிவிடலாமே என்று தோன்றினால், நிலம் வெளிநாட்டவர் பெயரில் வராது, அடுக்ககம் வாங்கலாம், அதுவும் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவருக்கு. வாடகைக்கே இருங்கள் என்பேன். கையெழுத்துப் போடும் முன் மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மின்வாரிய விலை நாலு பாட்டை ஒட்டி இருக்கும்போது ஏழு, எட்டு என்று வாங்குகிற கட்டடங்கள் உண்டு, ஏசி ஓடுகிற ஏப்ரலில் அது நன்றாகவே வலிக்கும்.

இன்னொன்று டிஎம்30. வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பாங்காக்கின் பெரிய அடுக்ககங்களில் அலுவலகத்துப் பெண்ணே இதை முடித்துவிடுவார், சியாங் மாயில் தனி வீட்டைக் கொடுக்கும் பெரியவர் பல நேரம் அப்படியொன்றைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். விசா நீட்டிக்கப் போகும்போது அந்த ரசீதைக் கேட்பார்கள். பாங்காக்கில் அதற்கு ஊரின் வடகோடியில் இருக்கும் சேங் வத்தனாவுக்குப் போய்ப் பாதி நாளைத் தொலைக்க வேண்டும், சியாங் மாயில் அலுவலகம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும், டிஎம்30 போடுவீர்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.