கிளாசிக் 350-க்குச் சத்தம் குறைந்த சைலன்சர்: டிபி கில்லரா, கிளாஸ்வூலா, கம்பெனி பாட்டிலா?

செகண்ட் ஹேண்டில் நான் வாங்கிய கார்புரேட்டர் வைத்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கில், முந்தைய ஓனர் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, உள்ளே தடுப்பே இல்லாத வெறுங்குழாய் ரகம் ஒன்றை மாட்டியிருந்தார். எங்கள் தெருவில் கைக்குழந்தை இருக்கிற வீடுகள் உண்டு. விடிகாலையில் கிளப்பவே மனசு வரவில்லை. சத்தம் குறையணும், இழுவை போகக் கூடாது. விசாரித்ததில் மூன்று வழி தெரிந்தது: இருக்கிற குழாயிலேயே டிபி கில்லர் என்ற சத்தம் குறைக்கும் அடைப்பைச் செருகுவது, கிளாஸ்வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சு வைத்த வேறு சைலன்சர் வாங்குவது, கம்பெனி பாட்டிலுக்கே, அதாவது வண்டியோடு வருகிற சைலன்சருக்கே, திரும்புவது. நான் எடுத்தது மூன்றாவது. அதன் பக்கம் சாய்ந்தேதான் எழுதுகிறேன்.

சட்டம் தெரிந்ததுதான். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 80 டெசிபல் வரம்பு. மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், லைசென்ஸையும் 3 மாதத்துக்கு நிறுத்தலாம்.

டிபி கில்லர் விலை குறைவு, ஒரு ஸ்க்ரூவில் வேலை முடிந்துவிடும். குழாயின் வாயைச் சுருக்குவதுதான் அது செய்வது. மெதுவாகப் போகையில் சத்தத்தின் கூர்மை குறையும். ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகும்போது, புகை வெளியேற வேண்டிய இடத்தில்தான் அடைப்பு. இழுவை போகக் கூடாது என்று நினைப்பவருக்கு இது நேர் எதிரான வழி. சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் அந்த ஸ்க்ரூவும் தளர்ந்துகொண்டே இருக்கும்.

கிளாஸ்வூல் ரகம் இதைவிட எவ்வளவோ மேல். நடுவில் ஓட்டை போட்ட நேர்க்குழாய், சுற்றிலும் பஞ்சு. புகை தடையில்லாமல் போகும், சத்தத்தைப் பஞ்சு வாங்கிக்கொள்ளும். ஆனால் எந்தச் சத்தத்தை என்று பார்க்கணும். ஃபோர் ஸ்ட்ரோக் சிங்கிள் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் விநாடிக்கு 25 வெடிப்பு. அடிவயிற்றில் அதிரும் தாழ்ந்த ஒலி அது. சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போவதும் அதுதான். பஞ்சு நன்றாக அடக்குவது கீச்சென்ற மேல் ஒலிகளை. இந்த ‘டுப் டுப்’பை அடக்க, அறை அறையாகப் பிரித்து அலையை அலையோடு மோதவிடும் கம்பெனி பேஃபிள் (உள்தடுப்பு) அமைப்பே சரி.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுகூட இல்லை, பராமரிப்புதான். பஞ்சு வைத்த சைலன்சர் வாங்கும் அன்று எழுப்புகிற சத்தம் அதன் நிரந்தரச் சத்தம் இல்லை. சூட்டில் பஞ்சு கருகும். ஒவ்வொரு வெடிப்பும் ஓட்டை வழியாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து வெளியே தள்ளும். மழையில் ஈரம் வேறு. தினமும் ஓட்டுகிறவருக்கு இந்த மாற்றம் காதில் படாது, தெருக்காரருக்குப் படும். மெக்கானிக் ஒருவர் இப்படி ஒரு பாட்டிலை என் முன்னால் பிரித்தார். குழாயைச் சுற்றிக் கருப்பாய்ப் பொடிந்த சில கொத்துகள், மற்றபடி உள்ளே வெற்றிடம். திரும்பப் பஞ்சு வைக்க ரிவெட்டை உடைத்து, புதுசு சுற்றி, மறுபடி ரிவெட் அடிக்கணும். பட்டறைகளில் கிடைக்கிற மலிவான பாட்டில்களில் நிறைய முழு வெல்டிங், பிரிக்கவே வழியில்லை. பேஃபிளுக்கு இந்தச் செலவு கிடையாது. அதற்கு முக்கிய எதிரி துருதான். இன்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்துகிற குட்டிப் பயணங்களில் உள்ளே தண்ணீர் தங்கும். வாரம் ஒரு தரம் நல்ல தூரம் ஓட்டி, அடியிலுள்ள வடிகால் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் சத்தம் மாறாது.

சரி, பவர்? கம்பெனி பாட்டில் இன்ஜினை நெரிக்கிறது என்ற பேச்சு எல்லாப் பட்டறையிலும் உண்டு. இது 346 சிசி, நீள ஸ்ட்ரோக் இன்ஜின். அதிகபட்ச டார்க் 28 நியூட்டன் மீட்டர், 4,000 ஆர்பிஎம்மில்; பவர் 19.8 குதிரைத்திறன், 5,250-இல். இது விடுகிற புகையின் அளவுக்கு அந்தப் பாட்டில் தாராளம். ‘பேக் பிரஷர் (புகைக்கு எதிரான அழுத்தம்) இருந்தால்தான் இழுக்கும்’ என்பதும் தவறு. புகை வேகமாக வெளியேறுவதும், குழாயில் திரும்பி வரும் அழுத்த அலை சரியான நேரத்தில் வால்வுக்கு வந்து சேர்வதும்தான் முக்கியம். பென்ட் பைப் (இன்ஜினிலிருந்து பாட்டிலுக்கு வரும் வளைகுழாய்), பாட்டில், கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) மூன்றையும் ஒரே செட்டாகக் கணக்குப் போட்டுத்தான் கம்பெனி வைக்கிறது. மாற்றிய பிறகு என் வண்டி நாலாவது கியரில் 40-லிருந்து முன்பைவிட உதறாமல் இழுக்கிறது. மேல்வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பவரை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றிப் பார்க்கவில்லை, ஓட்டிய கை சொல்வதைத்தான் சொல்கிறேன்.

2021-க்குப் பிந்தைய ஜே சீரிஸ் கிளாசிக்கில் நான் கைவைத்ததில்லை. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் இருப்பதால், கம்பெனி செட்டைக் கழற்ற அங்கே இன்னும் நிறைய யோசிக்கணும்.

கம்பெனி பாட்டிலைப் புதுசாகத்தான் வாங்கணும் என்றில்லை. புது வண்டி எடுத்த கையோடு சத்தத்துக்காகக் கழற்றி விற்கிறவர்கள் ஏராளம். சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம் விசாரித்தாலே கிடைக்கும். உங்கள் மாடலுக்கு உரியதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். கலகலவென்றால் உள்ளே பேஃபிள் வெல்டிங் விட்டிருக்கிறது. துருச் செதில் கொட்டினால் ஆயுள் முடிந்தது. இரண்டில் எது இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மாட்டும்போது இணைப்பு கேஸ்கெட்டைப் புதுசாகப் போடுங்கள். அங்கே கசிந்தால் ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் படபடவென்று வெடிக்கும். எந்தப் பாட்டில் மாட்டியும் பயனில்லை. வெறுங்குழாய்க்காகப் பெரிய மெயின் ஜெட் போட்டிருந்தால் அதையும் பழைய அளவுக்கு மாற்றணும். என் வண்டியில் பாட்டிலை மட்டும் மாற்றியபோது ஸ்பார்க் ப்ளக் கரி பிடித்து மைலேஜ் இறங்கியது. ஜெட்டையும் மாற்றிய பிறகு ப்ளக் செம்பழுப்பாகிவிட்டது, அதுதான் சரியான நிறம்.