தானியங்கி டோன் ஆர்ம் தூக்கி: பொருத்தும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது

இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் ஊசி, இசை பதிவாகாத கடைசிப் பள்ளத்தின் வழியே உள்நோக்கி விரைந்து சென்று, லேபிளை ஒட்டியுள்ள மூடிய வளையத்தில் விழுகிறது. யாராவது வந்து எடுக்கும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகிறது. பாட்டுக் கேட்டபடியே கண்ணயர்ந்து எட்டு மணி நேரம் கழித்து விழிப்பவரின் டர்ன்டேபிளில் ஊசி அதே வளையத்தை ஏறத்தாழ 16,000 முறை சுற்றி முடித்திருக்கும். ஒரு பக்கம் 20 நிமிடம் என்று கொண்டால், 24 பக்கங்களைக் கேட்கக்கூடிய நேரம் ஒரு சுரம்கூடக் காதில் விழாமல் ஊசியின் ஆயுளில் கழிந்துபோகிறது.

1972இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 உட்பட, தரமானவை எனப் பெயர் பெற்ற பல டர்ன்டேபிள்கள் முழுக்கக் கையால் இயக்க வேண்டியவை. ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மைத் தூக்கி நிறுத்தும் நெம்புகளும் சக்கரங்களும் அதனுடன் இணைந்திருந்தால், தடையின்றி அசைய வேண்டிய ஆர்மில் உராய்வு கூடிவிடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். ஆர்ம் தானாக எழாத இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தனியாக வாங்கிப் பொருத்தும் தூக்கிகள் வந்தன. ஆடியோ-டெக்னிகாவின் சேஃப்டி ரெய்சர், நார்வேயிலிருந்து வரும் லிட்டில் ஃப்வெண்ட் ஆகியவை இவ்வகையில் பலரும் அறிந்தவை. இங்கு நான் மதிப்பிடுவது அதே வகையைச் சேர்ந்த, அடியில் ஒட்டுப் பட்டை வைத்த, உருளை வடிவிலான எளிய தூக்கி ஒன்றை.

அமைப்பு மிகவும் எளியது. உருளைக்குள் ஒரு சுருள்வில்லும், அதன் வேகத்தைத் தணிக்கும் சிலிக்கோன் எண்ணெயும் இருக்கின்றன. மேலே ரப்பர் பூசிய சிறிய குறுக்குப் பட்டையும், பக்கவாட்டில் மெல்லிய விசைக் கம்பியும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பட்டையைக் கீழே அழுத்தினால் அது கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. தட்டின் முடிவில் உள்நோக்கி வரும் ஆர்ம் கம்பியைத் தொட்டதும் கொக்கி விடுபட்டு, பட்டை நிதானமாக மேலெழுந்து ஆர்மைத் தாங்கிக்கொள்கிறது. மின்சாரம் எதுவும் தேவையில்லை. மோட்டாரை அது நிறுத்துவதில்லை; தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். ஊசி தட்டைத் தொடாதபோது அதனால் கெடுதல் இல்லை என்பதால் இதை நான் குறையாகக் கருதவில்லை.

உண்மையான வேலை பொருத்துவதில்தான் இருக்கிறது. எல்பி எனப்படும் பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டில் இசை முடியக்கூடிய மிக உட்புற எல்லை மையத்திலிருந்து ஏறத்தாழ 60 மில்லிமீட்டர். மூடிய வளையம் இருப்பது ஏறத்தாழ 53 மில்லிமீட்டரில். ஆக, இசையைத் துண்டிக்காமல் விசையைத் தட்டுவதற்கு ஊசி முனையில் நமக்குக் கிடைப்பது வெறும் 7 மில்லிமீட்டர். ஆர்ம் திரும்பும் அச்சிலிருந்து ஊசி வரையிலான தூரத்தின் நடுவில் தூக்கியை வைத்தால் அந்த இடைவெளி அங்கே பாதியாகச் சுருங்கி மூன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அச்சை நெருங்க நெருங்க அது இன்னும் குறைந்து, மயிரிழை பிசகினாலும் கடைசிப் பாட்டின் முடிவு பறிபோகும் அல்லது விசை தட்டப்படாமலே போகும்.

அப்படியானால் ஊசிக்கு அருகில் வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. விசைக் கம்பியின் எதிர்ப்பு ஊசியில் எவ்வளவு உணரப்படும் என்பது, அச்சிலிருந்து கம்பி இருக்கும் தூரத்தைப் பொறுத்தது. நடுவில் இருந்தால் பாதி எதிர்ப்பும், ஊசியை நெருங்கினால் ஏறக்குறைய முழு எதிர்ப்பும் ஊசியின் மேல் விழும். ஊசி பொருத்தப்பட்டிருக்கும் கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை 2 கிராம் அளவுக்கே அழுத்தம் கொடுத்துப் பள்ளத்தில் பயணம் செய்பவை. கம்பி விறைப்பாக இருந்தால் ஊசி அதைத் தள்ள முடியாமல் பள்ளத்தை விட்டு வெளிப்புறமாகத் தாவி, ‘டக்’ என்ற ஓசையுடன் பழைய சுற்றுக்கே திரும்பும். மறுபடி வந்து முட்டும், மறுபடி தாவும். ஊசிக்கு நன்மை செய்ய வாங்கிய கருவியே அதற்குத் தீங்காக முடியும் இடம் இது. எனவே இத்தகைய தூக்கியை வாங்குவோர் அது எவ்வளவு அழகாக எழுகிறது என்பதைவிட, விசைக் கம்பி எவ்வளவு இலகுவாக விடுபடுகிறது என்பதையே முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் பொருத்திய தூக்கியில் கம்பியை விரல் நுனியால் வருடினாலே கொக்கி விடுபடுகிறது. என்னுடைய ஒன்பது அங்குல நேரான ஆர்மில், நடுப்பகுதிக்குச் சற்றே அச்சுப் பக்கமாக வைத்தபோது ஊசி எங்கும் தயங்கவில்லை.

ஒட்டுப் பட்டையின் மேலுறையை உடனே உரித்துவிடக் கூடாது. ஒட்டிப் பிரிக்கக்கூடிய மென்பசையில் தூக்கியைத் தற்காலிகமாக நிறுத்தி, மோட்டாரை அணைத்துவிட்டு, சேதமானாலும் பரவாயில்லை என்னும் பழைய தட்டு ஒன்றின் மூடிய வளையத்துக்குச் சற்று வெளியே ஊசியை இறக்கி, கம்பி அந்த இடத்தில் விடுபடுமாறு தூக்கியை நகர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு தட்டை ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். உயரத்தை அமைக்கும்போது இரண்டு நிலைகளையும் பார்க்க வேண்டும்: பட்டை தாழ்ந்திருக்கையில், தட்டு வளைந்திருந்தாலும் ஆர்ம் அதைத் தொடக் கூடாது, பட்டை எழுந்திருக்கையில், இருப்பவற்றில் தடிமனான தட்டுக்கு மேலும் ஊசி தெளிவாக விலகி நிற்க வேண்டும். நடுவில் வைத்த தூக்கி 4 மில்லிமீட்டர் உயர்ந்தால் ஊசி முனை 8 மில்லிமீட்டர் உயரும் என்பதால், தேவையான ஏற்றம் நினைப்பதைவிடக் குறைவுதான்.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது பட்டையின் ரப்பர் பூச்சு. தட்டு சுழலும்போது ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங் அமைப்பு அதை எப்போதும் வெளிப்புறமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஊசி பள்ளத்தில் இருக்கும் வரை அந்த இழுப்புக்கு எதிர்ப்பு உண்டு; ஊசி மேலெழுந்ததும் எதிர்ப்பு நின்றுபோகும். பட்டை வழவழப்பாக இருந்தால் ஆர்ம் அதன் மேல் மெல்ல வழுக்கி, விளிம்பைத் தாண்டித் தட்டின் மேலேயே விழக்கூடும். இங்கே ரப்பர் ஆர்மை இறுகப் பிடித்துக்கொள்கிறது. தூக்கிய இடத்திலேயே அது அசையாமல் நிற்கிறது. எண்ணெயின் தணிப்பும் சீராக இருக்கிறது, குளிர்ந்த அறையில் மட்டும் ஏற்றம் சற்று மந்தமாகிறது.

எல்லா டர்ன்டேபிளுக்கும் இது ஒத்துவராது. எஸ் வடிவ ஆர்ம் உடையவர்கள் வளைவில்லாத பகுதியில் இடம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்முக்கும் பெட்டியின் மேற்பரப்புக்கும் இடையே போதிய உயரம் இல்லாவிட்டால் தூக்கியை நுழைக்கவே முடியாது. வாங்குவதற்கு முன் அளவுகோலால் அளந்து பார்ப்பது நல்லது. லின் எல்பி12, தோரன்ஸ் டிடி 160 போல ஆர்மும், தட்டு அமரும் சுழல்வட்டான பிளாட்டரும் சுருள்வில்களின் மேல் மிதக்கும் டர்ன்டேபிள்களில், தூக்கியை அசையாத மேல்தகட்டில் ஒட்டினால் உயரம் நிலையாக இருக்காது. ஆர்ம் பலகையிலேயே ஒட்டினால், கூடும் எடைக்கு ஏற்பச் சுருள்வில்களைத் திரும்பச் சமன்செய்ய வேண்டும்.

நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் ஏழு அங்குலத் தட்டுகளை மிகுதியாகக் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். அவற்றில் இசை மையத்திலிருந்து 54 மில்லிமீட்டர் வரைகூட வரலாம். மூடிய வளையம் இருப்பதோ 49 மில்லிமீட்டரில். எல்பிக்காக அமைத்த தூக்கி சில சிறு தட்டுகளில் பாட்டு முடியும் முன்பே ஆர்மைத் தூக்கிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பவர்கள் ஒட்டுப் பட்டை உள்ளதைத் தவிர்த்து, காந்த அடித்தளத்தின் மேல் நகர்த்தி வைக்கக்கூடிய தூக்கியைத் தேர்ந்தெடுக்கலாம்.