நேரப் பட்டியலா, ரத்தப் பாஸ்போர்ட்டா?

பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த போட்டியான பயத்லானில் 20 வயதுப் பையன் திடீரென முதல் பத்துக்குள் வந்துவிட்டால், ‘ஊக்கமருந்து ஊசி போட்டிருப்பானோ’ என்ற பேச்சு கிளம்பிவிடும். அதைச் சோதிக்க இரண்டு வழிகள்.

முதலாவது, போட்டி முடிவுகளின் நேரப் பட்டியல். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் தரவரிசை ஏமாற்றும். ஸ்பிரிண்ட் என்ற குறுகிய தூரப் போட்டியில் பத்தே குண்டுகள். ஒன்று தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று, இருபது விநாடிக்கு மேல் போச்சு. நின்று சுடும்போது வழக்கமாகத் தவறவிடும் இரண்டு குண்டுகள் ஒருநாள் தவறாமல் போனாலே பையன் இருபது, முப்பது இடம் தாவிவிடுவான். கால் வேகம் கூடியிருக்கவே வேண்டாம். அதனால் சறுக்கு நேரத்தைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். அதையும் சறுக்குக் கட்டையில் பூசும் மெழுகும் பனியும் கெடுக்கும் என்பது வேறு விஷயம்.

அடுத்தது, 2009-ல் வந்த உயிரியல் பாஸ்போர்ட், அதாவது வீரரின் ரத்த அளவுகளின் பதிவு. ஹீமோகுளோபினும் இளம் சிவப்பணுக்களும் ஒருவருக்குள்ளேயே எப்படி மாறுகின்றன என்று ஆண்டுக்கணக்கில் தொடரும். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் உஸ்த்யுகோவ் வென்ற தங்கம் பிற்பாடு பறிபோனது இதனால்தான். ஆனால் புதிதாக வந்தவரிடம் ஒப்பிடப் பழைய மாதிரிகள் குறைவு. மலையுச்சிப் பயிற்சியும் அளவுகளை மாற்றும்.

சரி, எது மேல்? திறமையை அளக்க முதலாவது. குற்றம் சாட்ட இரண்டாவது மட்டும்தான்.