கல்யாணப் பத்திரிகையும் ஆப்பசோடாவும்: ஃபிரெட்லெஸ் பேஸின் கம்பியைத் தாழ்த்திய கதை

2023 மே மாதம் ஒரு பழைய ஃபிரெட்லெஸ் பேஸ் கிடார் என் கைக்கு வந்தது. மற்ற கிடார்களின் விரல் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃபிரெட், இதில் அவை இல்லை, அந்த இடங்களில் வெறும் கோடுகள்தான். தலையில் கம்பெனிப் பெயர்கூடக் கிடையாது. பாளையங்கோட்டையில் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கத்தான் வாங்கினேன். கம்பிகள் நின்ற உயரத்தைப் பார்த்தால் துணி காயப்போடலாம் போல இருந்தது. பலகையின் 12-ஆம் கோட்டில் மெல்லிய ஜி கம்பி 3.5 மி.மீ. உயரம், தடித்த ஈ கம்பி 4.5 மி.மீ.

ஃபிரெட் உள்ள கிடாரில் இந்த உயரம் கை வலியோடு போய்விடும். ஃபிரெட்லெஸ்ஸில் சுருதியே போய்விடும். உயரத்தில் இருக்கும் கம்பியைப் பலகை வரை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. விரல் கோட்டின் மேலேயே இருக்கும், ஸ்வரம் மட்டும் பக்கத்து வீட்டில் இருக்கும். அப்புறம், ஃபிரெட்லெஸ்ஸுக்கே உரிய அந்த ‘ம்வா’ என்ற குரல், கம்பி பலகையை லேசாக உரசினால்தான் வரும்.

வெளியூரில் செட்டப் செய்ய, அதாவது கம்பி உயரத்தையெல்லாம் சரிசெய்துதர, கேட்ட கூலி கிடார் விலையில் பாதி. சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் நாளே தப்பு. ஆலன் கீயை எடுத்து, உடம்பில் கம்பிகள் முடியும் பிரிட்ஜில், ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடில்களை நேராக இறக்கினேன். ஜி, டி கம்பிகளின் சேடில்கள் இரண்டும் அடித்தகட்டில் உட்கார்ந்துவிட்டன. அப்படியும் ஜி கம்பி 3 மி.மீ.க்குக் கீழே வரவில்லை. முதலில் பார்க்க வேண்டியது கழுத்தின் வளைவை. கம்பியை முதல் கோட்டிலும் கழுத்து உடம்போடு சேரும் இடத்திலும் அழுத்திக்கொண்டு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். அதை அளக்க பைக்கில் டேப்பெட் இடைவெளி பார்க்கும் ஃபில்லர் கேஜ் போதும், வேறுவேறு தடிமனில் மெல்லிய உலோக இலைகள் கொண்டது. வண்ணார்பேட்டையில் நான் வண்டி விடும் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“எந்த வண்டிக்குடே?”

“வண்டிக்கு இல்ல அண்ணாச்சி, கிடாருக்கு.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கொடுத்தார். அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தது. கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் தண்டான டிரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று திருப்பி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் இன்னொரு கால் சுற்று. 0.20 இலை நுழைகிற அளவில் நிறுத்தினேன்.

அடுத்தது ஷிம், அதாவது அடியில் அண்டக்கொடுக்கும் மெல்லிய துண்டு. கழுத்தைக் கழற்றி, அது உட்காரும் குழியில் பிரிட்ஜ் பக்க ஓரமாக ஒரு துண்டு வைத்தால் கழுத்து லேசாகப் பின்னால் சாயும், கம்பி பலகைக்குக் கிட்டே வரும். காலாவதியான ஏடிஎம் அட்டையை வெட்டி வைத்தேன். அதன் தடிமன் 0.76 மி.மீ. கேட்கும்போது ஒன்றுமில்லை போலத் தெரியும், கம்பிகளோ பலகையில் படுத்தேவிட்டன. பிறகு சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகையில் ஒரு துண்டு வைத்தேன், அதன் தடிமன் ஏறக்குறைய பாதிதான். கணக்காக உட்கார்ந்தது. சேடில்களை ஏற்றி இறக்கவும் இடம் கிடைத்தது.

ஆனால் மிச்சம் இருந்த பெரிய குறை நட்டில், அதாவது கழுத்தின் தலைப் பக்கம் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் சின்னப் பட்டையில். ஃபிரெட் கிடாரில் நட்டின் பள்ளம் ஃபிரெட்டின் உயரத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். ஃபிரெட்டே இல்லாத கிடாருக்கு அந்த உயரம் தேவையில்லை, இருந்தும் என் கிடாரில் அதே நட்டைத்தான் மாட்டியிருந்தார்கள். முதல் இரண்டு கோடுகளில் விரல் நோவுக்குக் காரணம் அதுதான். நட்டுக்கென்று உள்ள அரத்தின் விலையைப் பார்த்து மூடிவிட்டேன். பழைய கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி அதையே அரமாக்கினேன். அந்தந்தப் பள்ளத்துக்கு அந்தந்தக் கம்பி, தலைப் பக்கம் லேசான சரிவு. நாலு இழுப்பு, கம்பியைப் போட்டுப் பார், மறுபடி நாலு இழுப்பு. விசிட்டிங் கார்டு ஒன்று கம்பிக்கும் பலகைக்கும் நடுவே நுழைந்தால் போதும், நிறுத்திவிட வேண்டும்.

ஏ கம்பியில் நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே தேய்த்ததில் பள்ளம் ஆழமாகி, கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினாலே ‘ஸ்ஸ்’ என்றது. கைகொடுத்தது ஆப்பசோடா. பள்ளத்தில் ஒரு சிட்டிகை போட்டு ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் சட்டென்று கல்லாகிவிடும். புகை வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் டேப் ஒட்டாமல் செய்யாதீர்கள், என் பலகையில் ஒரு சொட்டு இன்னும் பளபளக்கிறது. அம்மா ஞாயிற்றுக்கிழமை ஆப்பத்துக்கு டப்பாவைத் தேடியது தனிக் கதை.

உப்புத்தாள், ஆலன் கீ, ஃபெவிக்விக் எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்தது.

அந்த உற்சாகத்தில் ஜி 1.5, ஈ 2 மி.மீ. வரை இறக்கினேன். வீட்டில் தேன். கோயிலில் டிரம்ஸோடு சேர்ந்து ஓங்கி மீட்டினால் கரகரவென்று அடித்தது. இரண்டு மாதம் பொறுத்துவிட்டு ஜி 2, ஈ 2.5 என்று ஏற்றினேன். டிரில் பிட்டையே அளவுகோலாகக் கம்பிக்குக் கீழே நுழைத்துப் பார்ப்பேன். இன்றுவரை அதே அளவுதான்.

கழுத்துதான் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் எங்கள் மாடிக்குத் தண்ணீர் வரவில்லை, ஈரம் வந்தது. ஒரு வாரம் கழித்து எடுத்தால் கம்பி முக்கால் மி.மீ. ஏறியிருந்தது. கால் சுற்றில் சரியானது. பங்குனி வெயிலில் அதே கால் சுற்றைத் திருப்பி எடுக்க வேண்டியிருந்தது. இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை இதைச் செய்கிறேன், மெக்கானிக் அண்ணாச்சியும் கேள்வி கேட்காமல் கேஜைத் தருகிறார்.

ஒரே வருத்தம், கம்பியை மாற்றாதது. மேலே உருண்டைக் கம்பி சுற்றிய, சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் கம்பி கிட்டே வந்ததும் பலகையை அறுக்க ஆரம்பித்துவிட்டது. ஜி கம்பிக்குக் கீழே 5-ஆம் கோட்டுக்கும் 7-ஆம் கோட்டுக்கும் நடுவே நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்குப் பள்ளம். தட்டையான பட்டை சுற்றிய, வழுவழுப்பான ஃபிளாட்வவுண்ட் செட் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளத்தைத் தேய்த்துச் சமன்படுத்த ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது, கிறிஸ்துமஸ் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கிறோம்.