அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சைபர் பணியாளர் கட்டமைப்பு: ஒரு மதிப்புரை

தன்னிடம் மென்பொருள் எழுதுபவர்கள் எத்தனை பேர் என்றே தெரியாத ஒரு துறையால் ஆளெடுப்பையோ பயிற்சியையோ திட்டமிட முடியாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் இந்த வேலையைச் செய்பவர்கள் கணினி அறிவியல் (1550), கணினிப் பொறியியல் (0854), தகவல் தொழில்நுட்ப மேலாண்மை (2210) எனப் பல பணித்தொடர்களில் (அரசுப் பதவிகளை எண்ணிட்டு வகைப்படுத்தும் பிரிவுகளில்) சிதறியிருக்கிறார்கள். பதவிப்பெயரை விட்டுவிட்டு, செய்யும் வேலையை வைத்து அவர்களை அடையாளம் காண்பதுதான், சைபர் வேலைகளை வகைப்படுத்தி எண் குறியீடு தரும் இக்கட்டமைப்பின் பெரும்பலம். 0854இல் இருப்பவரும் 1550இல் இருப்பவரும் நிரல் எழுதினால், இருவருக்கும் மென்பொருள் உருவாக்குநருக்குரிய 621 என்ற ஒரே குறியீடு கிடைக்கிறது. எந்தப் பிரிவில் ஆள் குறைவு என்பதை இதைக் கொண்டு உண்மையாகவே எண்ணிப் பார்க்கலாம்.

2023 பிப்ரவரியில் வந்த, சைபர் பணியாளர்களின் தகுதிகளை வரையறுக்கும் துறையின் 8140.03 கையேடு ஒவ்வொரு பணிக்கும் அடிப்படை, இடைநிலை, மேம்பட்ட நிலை என மூன்று தகுதிப் படிகளை வகுத்தது. இங்குதான் எனக்குக் குறை தெரிகிறது. வேலையிடத்தில் காட்டும் திறனையும் கையேடு கேட்கிறது என்றாலும், சான்றிதழைச் சரிபார்ப்பது எளிது. பிறர் எழுதிய பழைய நிரலைப் பொறுமையாகப் படித்துத் திருத்தும் கைப்பழக்கத்தை, மேற்பார்வையாளருக்கே நிரல் தெரிந்திருந்தால் ஒழிய, அளக்க முடியாது. குறியீடு ஒட்டும் பணியை மனிதவளப் பிரிவிடம் மட்டும் விடாமல், குழுத்தலைவர்களையும் உடன் அமர்த்திச் செய்யும் அலுவலகங்களுக்கு இக்கட்டமைப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.