செட்டிகுளத்து அச்சகமும் எங்க வீட்டு கென்னடியும்

மகனுக்கு ஞானஸ்நான அழைப்பிதழ் அடிக்க நாகர்கோவில் செட்டிகுளம் ஜங்ஷன் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்தேன். பிள்ளை பெயர் கென்னடி. என் அப்பா பெயரும் அதுதான். ஒரு கத்தோலிக்கர் முதன்முதலாக அமெரிக்க அதிபரானது பாட்டாவுக்கு அவ்வளவு பெருமை. 1963 நவம்பரில் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகு, அடுத்துப் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

அட்டையின் பின்பக்கம் பெயரின் கதையும் வரணும்னு கேட்டேன். அயர்லாந்தில் அது குடும்பப் பெயர். 1014-ல் குளொன்டார்ஃப் போரில் இறந்த மன்னர் பிரையன் போருவின் அப்பா பெயர் கின்னேடி. அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான் கென்னடி. அதிபரின் கொள்ளுத்தாத்தா பேட்ரிக், பஞ்ச காலத்தில் வெக்ஸ்ஃபோர்டிலிருந்து பாஸ்டனுக்குக் கப்பலேறியவர். கப்பலேறிப் பிழைக்கப் போன வீட்டின் பெயர் என்பதாலேயே எங்க கடற்கரைக்கு இது ரொம்பப் பொருந்துது.

டிடிபி பார்க்கிற அக்கா ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசிச்சுத்தான் அடிச்சாங்க. முதல் ப்ரூஃபில் 'பாஸ்டன்' சரியாக மடிப்பில் விழுந்தது. நான் சொல்லும் முன்னே அவங்களே கவனிச்சு, எழுத்தைச் சிறுசாக்கி மேலே ஏற்றிட்டாங்க. கெட்டி அட்டை, மை கையில் ஒட்டலை. கவர் பசை மட்டும் மட்டம். தனியாக ஒட்ட வேண்டியிருந்தது.

அட்டை ஒன்றுக்கு 18 ரூபாய், கவரோடு. டிசம்பரில் கூட்டம் தாங்காது, முன்னாடியே கொடுத்திடுங்க.